வெர்தோன் மலையிடுக்கில் 13 வயது மகளோடு நடக்கலாமா?

நீங்கள் கேட்டது இது: ஜூன் கடைசியில் நீங்களும் கணவரும் 13 வயது மகளும் தெற்கு பிரான்ஸில் லா பாலூ-சூர்-வெர்தோன் கிராமத்தில் நான்கு நாள் தங்குகிறீர்கள். கையில் ஒரு கார் இருக்கிறது. மலைப்பாதைகளில் ஐந்து மணி நேரம் நடந்து மூவருக்கும் பழக்கம். மலையிடுக்கின் அடியில் ஆற்றோரமாகப் போகும் பிளான்-மார்தெல் பாதையில் போகலாமா, அதிலுள்ள இரும்பு ஏணிகள் ஆபத்தானவையா, வழிகாட்டி வேண்டுமா, மீதி நாட்களை எப்படிச் செலவிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இடையில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ஆறு பக்கத்திலேயே ஓடுவதால் களைத்தால் இறங்கிக் குளித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம்." ஏணிகளைவிட அந்த வரிதான் எனக்குக் கவலை தருகிறது. பயப்பட வேண்டியது எதற்கு, வேண்டாதது எதற்கு என்பதுதான் உங்கள் கேள்வியின் சாரம் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். சுருக்கமாக: போகலாம், வழிகாட்டி தேவையில்லை, ஏணிகள் பெரிய விஷயமில்லை. தண்ணீரும் வெயிலும் கடைசி ஏற்றமும்தான் கவனிக்க வேண்டியவை.

இந்த இடம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. வெர்தோன் ஆறு ஆல்ப்ஸின் தென்பகுதியில் பிறந்து, சுண்ணாம்புப் பாறை மேட்டுநிலத்தை அறுத்துக்கொண்டு மேற்கே போய், சேன்த்-க்ருவா ஏரியில் சேருகிறது. அறுத்த இடம்தான் மலையிடுக்கு: ஏறக்குறைய 25 கி.மீ. நீளம், சில இடங்களில் 700 மீட்டர் ஆழம். லா பாலூ அதன் வடகரையில், 950 மீட்டர் உயரத்தில் ஒரு சிறு வயல்வெளிக் கிண்ணத்துக்குள் இருக்கிறது. கிராமத்துத் தெருவில் நின்றால் அப்படியொரு பள்ளம் பக்கத்தில் இருப்பதே தெரியாது. கிழக்கே காஸ்தெலான் 25 கி.மீ., மேற்கே முஸ்தியே-சேன்த்-மரி 20 கி.மீ.; இரண்டையும் இணைக்கும் டி 952 சாலை கிராமத்தின் வழியே போகிறது.

மலையேறிப் பழகியவர்கள் இங்கே தவறாகக் கணக்குப் போடுவதற்குக் காரணம், மலையிடுக்கில் எல்லாமே தலைகீழ். மலையில் காலையில் தெம்பும் குளிர்ச்சியும் இருக்கும்போதே ஏறிவிடுகிறோம். முடியவில்லை என்றால் திரும்பி இறங்கலாம், இறங்குவது எளிது. இங்கே காலையில் இறங்குகிறோம். உடம்பு லேசாக இருக்கிறது, நிழல் இருக்கிறது, நேரம் மிச்சமாகிறது என்றே தோன்றும். ஏற்றம் காத்திருப்பது மதியத்துக்குப் பிறகு, பாறைச் சுவர் வெயிலை உள்வாங்கி வெப்பத்தை உமிழும் நேரத்தில், தண்ணீர் பாட்டில் காலியான நிலையில். நடுவில் முடியவில்லை என்றாலும் ஏறித்தான் வெளியே வர வேண்டும். இங்கே வழக்கமாக ஏற்படும் தொந்தரவு பாறையிலிருந்து விழுவதல்ல. கணுக்கால் பிசகுவதும், வெப்பத்தில் மயங்குவதும், நேரம் தவறி இருட்டில் மாட்டிக்கொள்வதும்தான்.

இனி பிளான்-மார்தெல். 1905 ஆகஸ்டில் குகை ஆய்வாளர் எதுவார்-அல்ஃப்ரெத் மார்தெல் ஒரு குழுவோடு இந்த மலையிடுக்கை முதன்முறையாக முழுமையாகக் கடந்தார். குழுவில் உள்ளூர்க்காரர் இசிதோர் பிளான். பக்கத்து ருகோன் கிராமத்தின் பள்ளி ஆசிரியர். முதலில் மார்தெலின் பெயரை மட்டும் தாங்கிய பாதையில் பிற்பாடு பிளானின் பெயரும் சேர்ந்தது நியாயமானது என்பது என் எண்ணம். இடம் தெரிந்த ஆள் இல்லாமல் அந்தப் பயணம் நடந்திருக்காது. ஆற்றோரப் பாதையை 1930 வாக்கில் அமைத்தது பிரெஞ்சு டூரிங் கிளப். இன்று அது ருவாயானிலிருந்து கிராஸ் வரை போகும் ஜி.ஆர். 4 நெடும்பாதையின் ஒரு துண்டு. அதனால் வழிநெடுக வெள்ளைக் கோடும் சிவப்புக் கோடுமாக அடையாளம் இருக்கும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இணையாக இருந்தால் சரியான வழி. பெருக்கல் குறி போலக் குறுக்காக இருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது.

ஒரு முனை ஷாலே த லா மாலின், அதாவது லா பாலூவிலிருந்து 8 கி.மீ. தள்ளி, 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலைவிடுதி. மறுமுனை புவான் சுப்லிம் என்ற காட்சிமுனை, கிராமத்துக்குக் கிழக்கே ஏறக்குறைய அதே தூரம். இடையே நடை 14 கி.மீ. என்று சில இடங்களிலும் 16 என்று சில இடங்களிலும் பார்த்திருப்பீர்கள். இடையில் பிரியும் கிளைப்பாதைகளைச் சேர்ப்பதும் விடுவதும்தான் பெரும்பாலும் அந்த வித்தியாசம். பலகைகளில் 6 மணி நேரம், 7 மணி நேரம் என்று இருக்கும். அது நடந்துகொண்டே இருக்கும் நேரம். சாப்பிட, நிற்க, படம் எடுக்க, ஏணியில் காத்திருக்க எல்லாம் சேர்த்து உங்கள் மூவருக்கும் 8 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு ஒரே திசையில் இறங்கினாலும் பாதை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மொத்த ஏற்றம் 600 மீட்டரைத் தாண்டும். தூரத்தை மட்டும் பார்ப்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதை.

எந்தத் திசையில் போவது என்பதற்கு இரண்டு கட்சி உண்டு. நான் சொல்வது மாலினிலிருந்து புவான் சுப்லிமுக்கு. அப்படிப் போனால் கடைசி ஏற்றம் ஏறக்குறைய 200 மீட்டரோடு முடிந்துவிடும். எதிர்த்திசையில் வந்தால் நாள் முழுக்க நடந்த காலோடு 350 மீட்டர் ஏற வேண்டியிருக்கும். ஏணியில் இறங்குவதற்குப் பதில் ஏறிக்கொள்ளலாம் என்பதுதான் எதிர்த்திசைக்காரர்களின் வாதம். உங்களில் யாருக்காவது கீழே பார்த்தால் தலை சுற்றும் என்றால் அந்த வாதத்துக்கு எடை உண்டு. இல்லையென்றால் மாலின்தான் ஆரம்பம்.

மாலினில் முதல் அரை மணி நேரம் வளைந்து வளைந்து இறக்கம். இங்கே அவசரப்படாதீர்கள், முட்டியைக் கெடுத்துக்கொள்வது இங்கேதான். ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் எஸ்தெலியே பாலத்துக்குப் போகும் வழி வலது பக்கம் பிரியும். அது எதிர்க்கரையில் போகும் ஆம்பூ பாதைக்கானது, உங்களுக்கானதல்ல. அடையாளக் கோட்டைப் பார்த்து இடது பக்கம் போங்கள். அப்புறம் ஆற்றை ஒட்டி, பாக்ஸ் எனப்படும் குட்டை மரப் புதர்களின் நிழலில் நல்ல நடை. இடையிடையே மேலிருந்து சரிந்த கல்குவியல்களைக் குறுக்கே கடக்க வேண்டும். அந்த இடங்களில் படம் எடுக்கவோ பை திறந்து சாப்பிடவோ உட்காராதீர்கள். மேலே பாறையேறுபவர்கள் இருப்பார்கள், காட்டு ஆடுகள் இருக்கும், மழை பெய்த மறுநாளில் கல் தானாகவும் உருளும். வரிசையாக, இடைவெளி விட்டு, நிற்காமல் கடந்துவிடுங்கள்.

இரண்டு மணி நேரத்தில் மெஸ்கிளாவுக்கான கிளை வரும். தெற்கிலிருந்து வரும் ஆர்தூபி ஆறு வெர்தோனில் கலக்கும் இடம் அது. போய்வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு ஆறுகளின் நிறம் வேறுபட்டுத் தெரியும் நாட்களும் உண்டு, ஆர்தூபி வற்றிக் கிடக்கும் நாட்களும் உண்டு. காலை 10 மணிக்குள் கிளையை அடைந்திருந்தால் போய்வாருங்கள், மதிய உணவின் ஒரு பகுதியை அங்கேயே சாப்பிடுங்கள். 10 தாண்டிவிட்டால் விட்டுவிடுங்கள். திரும்பிப் போவதாக இருந்தாலும் முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். இதற்கப்புறம் ஏணிகளைத் தாண்டிவிட்டால், மலையிடுக்கின் வாசலான சாம்சோன் முனை வரை சாதாரண நடையாளர் வெளியேற வேறு வழியே இல்லை.

இப்போது ஏணிகள். மெஸ்கிளா கிளையைத் தாண்டிச் செங்குத்தாக ஒரு ஏற்றம்; அதன் தலையில் பாறையில் ஒரு பிளவு, பெயர் ப்ரெஷ் ஆம்பேர். அதன் மறுபக்கம் 252 படிகள் உள்ள இரும்பு ஏணி வரிசை. ஏணி என்றதும் கயிற்று ஏணியோ, கிணற்றில் இறங்கும் கம்பி ஏணியோ மனதில் வரும். அப்படியில்லை. பாறையில் அறைந்த, இருபக்கமும் கைப்பிடி உள்ள, மிகச் செங்குத்தான இரும்புப் படிக்கட்டுத் துண்டுகள்; ஒரு துண்டு முடிந்ததும் நிற்க இடம் இருக்கும், பிறகு அடுத்தது. ஒரு நேரத்தில் ஒரு ஆள் போகும் அகலம். எதிரே ஆள் வந்தால் துண்டின் முனையில் காத்திருந்து வழி விட வேண்டும். கோடை ஞாயிற்றுக்கிழமைகளில் இதனாலேயே அரை மணி நேரம் போகும். தெரிந்துகொள்ள வேண்டியவை சில: முதல் படியில் கால் வைக்கும் முன் நடைக்கோல்களை மடித்துப் பைக்குள் செருகிவிடுங்கள், இரண்டு கையும் கைப்பிடியில் இருக்க வேண்டும். பாட்டிலோ கேமராவோ கழுத்தில் தொங்கவிடாதீர்கள். செங்குத்து அதிகமான துண்டில் முகம் படிக்கட்டைப் பார்க்கத் திரும்பிப் பின்பக்கமாக இறங்குவதுதான் எளிது. மகளுக்கு முன்னால் ஒருவர், அவளுக்கு நாலு படி கீழே இறங்கிக்கொண்டே இருக்கட்டும். ஈரமாக இருந்தால் இரும்பு வழுக்கும். மழையில் இறங்காமல், ஓயும்வரை காத்திருங்கள். ஐந்து மணி நேரம் நடக்கும் பழக்கமுள்ள 13 வயதுப் பிள்ளைக்கு இது சிரமமாக இராது. நாய் வைத்திருப்பவர்கள் மட்டும் இந்தப் பாதையை விட்டுவிட வேண்டும்; நாயால் இந்தப் படிகளில் இறங்க முடியாது, தூக்கிக்கொண்டு இறங்குபவரின் கைகள் கைப்பிடியில் இருக்காது.

ஏணிகளுக்குப் பிறகு பாதை நீண்டு, சற்றுச் சலிப்பும் தட்டும். அந்த அலுப்பின் முடிவில் சுரங்கங்கள் வருகின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்று நீரைத் திருப்பி மின்சாரம் எடுக்க ஒரு திட்டம் போட்டுக் குடைந்தார்கள். திட்டம் நடுவில் கைவிடப்பட்டது, குடைந்த துளைகள் நடைபாதையாகிவிட்டன. நீங்கள் வரும் திசையில் முதலில் த்ரெஸ்கயர், 100 மீட்டருக்குக் கொஞ்சம் கூட. அடுத்து பாவு சுரங்கம், 670 மீட்டர். அதற்குள் முழு இருட்டு. வெளியே 30 டிகிரி இருந்தாலும் உள்ளே சில்லென்று காற்று அடிக்கும், தரையில் சேறும் தேங்கிய நீரும் இருக்கும், மழைக்காலத்துக்குப் பிறகு கணுக்கால் நனையும். பக்கச் சுவரில் சில இடங்களில் ஜன்னல் போலத் திறப்புகள். ஒன்றிலிருந்து கீழே ஒரு பெருங்குகைப் பக்கம் இறங்க இரும்புப் படி உண்டு. கைபேசி வெளிச்சம் போதும் என்று நம்பி வருபவர்கள் நிறைய. ஒரு கையில் கைபேசி, மறு கையில் சுவர், கால் எங்கே வைப்பது என்று தெரியாத நிலை. இந்த இடத்தில் ஓர் இடறல் வந்தால் கைபேசி தண்ணீருக்குள்தான் போகும். மூவருக்கும் மூன்று நெற்றி விளக்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவரிடம் மட்டும் இருந்தால் மற்ற இருவரும் அவருடைய நிழலில்தான் நடக்க வேண்டியிருக்கும்.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் குலுவார் சாம்சோன். இரண்டு பாறைச் சுவர்கள் ஒன்றையொன்று நெருங்கும் இந்த வாசல்தான் மலையிடுக்கின் தொடக்கம். ஒரு சிறு பாலம், சில படிகள், அப்புறம் ஒரு வாகன நிறுத்தம். இங்கே வந்ததும் முடிந்துவிட்டது என்ற நினைப்பு வரும். புவான் சுப்லிமுக்கு இன்னும் முக்கால் மணி நேர ஏற்றம் பாக்கி. பிள்ளைகள் அழுவதும் பெரியவர்கள் சண்டை போடுவதும் பெரும்பாலும் இந்த முக்கால் மணி நேரத்தில்தான். ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீரும் ஏதாவது இனிப்பும் இதற்கென்றே தொடாமல் வைத்திருங்கள்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு முனைகளும் வேறு வேறு இடம் என்பதால், காரைக் காலையிலேயே புவான் சுப்லிமில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து மாலினுக்கு வண்டி பிடித்துப் போய், காரை நோக்கி நடந்து வாருங்கள். காரை மாலினில் விட்டால், மாலையில் கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டுமே என்ற ஓட்டத்தில் சுரங்கத்திலும் ஏற்றத்திலும் அவசரப்படுவீர்கள். கோடையில் நடையாளருக்கென்றே சிறு பேருந்து ஓடுகிறது. ஜூலை, ஆகஸ்டில் தினசரி என்பது வழக்கம். ஜூனில் வார இறுதி மட்டுமா, தினமுமா என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, அதை லா பாலூவிலோ காஸ்தெலானிலோ சுற்றுலா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பேருந்து இல்லாத நாள் என்றால் முந்தின நாளே டாக்சி சொல்லிவைக்க வேண்டும். காலையில் கூப்பிட்டால் கிடைக்காது. என் யோசனை டாக்சிதான், மூன்று பேருக்குச் செலவு கட்டுப்படியாகும், 7 மணிக்கே கிளம்பலாம். அந்த ஒரு மணி நேரம் மதியத்தில் பெரிய லாபம். மாலின் விடுதியில் முந்தின இரவு தங்குவதும் நல்ல வழி. இடம் கொஞ்சம்தான், முன்பதிவு அவசியம்.

இனி ஆறு. வெர்தோன் இப்போது இயற்கையாக ஓடும் ஆறு அல்ல. காஸ்தெலானுக்கு மேலே காஸ்தியோன், ஷோதான் என்று இரண்டு அணைகள், 1940களின் இறுதியிலும் 50களின் தொடக்கத்திலும் கட்டியவை. மின்சாரத் தேவைக்கேற்ப அங்கிருந்து நீர் திறக்கப்படும். திறந்த நீர் மலையிடுக்குக்குள் வந்து சேரும்போது வானம் பளிச்சென்று இருக்கும், இடி மழை எதுவும் இருக்காது. முழங்கால் அளவு இருந்த நீர் சில நிமிடங்களில் ஏறிவிடும், இழுப்பும் கூடும். ஆற்றோரத்தில் மின்வாரியம் வைத்திருக்கும் எச்சரிக்கைப் பலகைகள் சம்பிரதாயத்துக்கு வைத்தவை அல்ல. உங்களுக்கு ஓர் ஆறுதல்: பிளான்-மார்தெல் பாதை மாலின் முதல் சாம்சோன் வரை ஆற்றின் ஒரே கரையில், வலது கரையில்தான் போகிறது. எந்த இடத்திலும் ஆற்றில் இறங்கத் தேவையில்லை. அடையாளக் கோடு ஆற்றைத் தாண்டிப் போவதாகத் தோன்றினால் நீங்கள்தான் வழி தவறியிருக்கிறீர்கள். மாட்டிக்கொள்பவர்கள் யாரென்றால், நீர் குறைவாக இருக்கிறதே என்று எதிர்க்கரை மணல்திட்டுக்கு நடந்துபோய், சாப்பிட்டு, தூங்கி எழும்போது திரும்ப முடியாமல் போகிறவர்கள். அவர்கள் பிழைக்கச் சரியான வழி, அங்கேயே உயரமான இடத்துக்கு ஏறி, நீர் இறங்கும்வரை மணிக்கணக்கில் ஆனாலும் காத்திருப்பது. நீந்தித் திரும்ப முயல்வதுதான் உயிருக்கு ஆபத்து.

ஆகவே குளியல் வேண்டாம். கரையோரக் கல்லில் உட்கார்ந்து காலை நனைக்கலாம், பையும் செருப்பும் பாதை மட்டத்தில் இருக்கட்டும், மூவரில் ஒருவர் நீர்க்கோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். கரையில் ஒரு கல்லைக் குறி வைத்துக்கொண்டால் நீர் ஏறுவது உடனே தெரியும். இன்னொன்று, கோடையிலும் நீர் கடும் குளிராக இருக்கும். வியர்த்த உடம்போடு இறங்கினால் மூச்சு திணறும். மகளுக்கு நீந்த ஆசை என்றால் சேன்த்-க்ருவா ஏரிக்கு ஒரு மதியம் ஒதுக்குங்கள், நீர் வெதுவெதுப்பாகவும் அமைதியாகவும் இருக்கும். அந்த ஏரியும் அணையால் வந்ததுதான். 1970களில் பழைய சால்-சூர்-வெர்தோன் கிராமம் அதனடியில் மூழ்கியது, ஊரை மேலே புதிதாகக் கட்டினார்கள்.

குடிநீர் இந்தப் பாதையில் எங்கேயும் கிடைக்காது. ஆற்று நீர் கண்ணாடி போலத் தெரிந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது. ஜூன் இறுதியில் பெரியவருக்கு 3 லிட்டர், மகளுக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். அதில் ஒரு பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள்; வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே நடந்தால் மதியத்துக்கு மேல் தசை பிடிக்கலாம். எடை அதிகம் என்று தோன்றும், ஆனால் மணிக்கு மணி குறையும் எடை அது. காலணி கணுக்கால்வரை பிடிப்பதாகவும் அடிப்பகுதி தேயாததாகவும் இருக்கட்டும். லட்சக்கணக்கானவர் நடந்து நடந்து சுண்ணாம்புப் பாறை மெருகேறிப் போயிருக்கிறது, ஈரமில்லாமலே வழுக்கும். புத்தம் புதுக் காலணியை அங்கே முதன்முதலாகப் போட வேண்டாம். கீழே பெரும்பாலான இடங்களில் கைபேசிக்குத் தொடர்பு கிடைக்காது. அவசர எண் 112. அதைக் கூப்பிட மேலே ஏறியோ, சிக்னல் கிடைக்கும் இடத்துக்கோ ஓர் ஆள் போக வேண்டியிருக்கலாம். எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதைத் தங்கும் விடுதியில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வரைபடம் பிரெஞ்சு அரசு வரைபட நிறுவனமான ஐ.ஜி.என். வெளியிடும் 3442 ஓ.டி., 1:25,000 அளவு. கைபேசிச் செயலி வைத்திருந்தாலும், மலையிடுக்குக்குள் ஜி.பி.எஸ். புள்ளி எதிர்க்கரைக்குத் தாவும்; செங்குத்துச் சுவர்கள் செயற்கைக்கோள் சமிக்ஞையை மறைப்பதும் எதிரொலிப்பதும் காரணம். புள்ளியைவிடப் பாறையிலுள்ள கோட்டை நம்புங்கள்.

ஆம்பூ பாதையைப் பற்றியும் விதால் பாதையைப் பற்றியும் யாராவது சொல்வார்கள், "அதுதான் உண்மையான வெர்தோன்" என்று. அழகில் அது பொய்யில்லை. எதிர்க்கரையில், பெரும்பாறைகள் குவிந்து ஆறே கண்ணுக்குத் தெரியாமல் அடியில் மறையும் இடம்வரை போகிறது ஆம்பூ. ஆனால் பல இடங்களில் பாறை விளிம்பில் ஓரடி அகல நடை, கைக்குக் கம்பிவடம் மட்டும். விதால் என்பது அங்கிருந்து நேர் செங்குத்தாக மேல் சாலைக்கு ஏறும் வழி; ஏற மட்டுமே உகந்தது, அதில் இறங்கக் கூடாது. ஆம்பூவின் முடிவுக்குப் போனபின் வந்த வழியே நெடுந்தூரம் திரும்பு, இல்லையேல் விதாலில் ஏறு என்ற நிலைதான். உயரம் பழகாத ஒருவர் அங்கே உறைந்து நின்றுவிட்டால் உதவ இடமே இருக்காது. முதல்முறை வருபவர்கள், பிள்ளையோடு வருபவர்கள் இதை விட்டுவிடலாம். ஆசை விடாது என்றால் அதற்கு மட்டும் தொழில்முறை மலைவழிகாட்டியை அமர்த்துங்கள்.

நான்கு நாளை இப்படி அடுக்குவேன். முதல் நாள் மாலை புவான் சுப்லிமிலிருந்து சாம்சோனுக்கு இறங்கி, நெற்றி விளக்கோடு பாவு சுரங்கத்தைக் கடந்து திரும்புங்கள். மூன்று மணி நேரம் போதும். மகளுக்கு இருட்டும் கடைசி ஏற்றமும் எப்படி ஒத்துவருகின்றன என்று பெரிய நடைக்கு முன்பே தெரிந்துவிடும். இரண்டாம் நாள் பிளான்-மார்தெல். மூன்றாம் நாள் கால்களுக்கு ஓய்வு: லா பாலூவில் தொடங்கிக் கிராமத்திலேயே முடியும் ரூத் தே க்ரெத், 24 கி.மீ. சுற்றுச்சாலை. அதன் ஒரு பகுதி ஒருவழி, ஆகவே கிராமத்தின் கிழக்குப் பக்கத்திலிருந்து ஏறி மாலின் வழியாகத் திரும்ப வேண்டும். பனிக்காலத்தில் அது மூடியிருக்கும், உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. முந்தின நாள் நடந்த பாதையை மேலிருந்து பார்க்கும்போது பிள்ளைக்குக் கிடைக்கும் பெருமையை வேறெதுவும் தராது. அதனால்தான் இதை முன்னால் வைக்காமல் பின்னால் வைக்கிறேன். விளிம்புக் காட்சிமுனைகளில் கிரிஃபன் வகைப் பிணந்தின்னிக் கழுகுகள் கண் மட்டத்திலேயே மிதந்து போகும். இந்தப் பகுதியில் அற்றுப்போயிருந்த அந்தப் பறவையை 1999 முதல் ருகோனில் மறுபடி விட்டு வளர்த்தார்கள். வெயில் ஏறிக் காற்று சூடாகி எழும் 10, 11 மணிக்குத்தான் அவை கிளம்பும். விடியற்காலையில் போய் ஏமாறாதீர்கள்.

நான்காம் நாளுக்குத் துஸ்ஸே பாலம். புவான் சுப்லிம் அருகே இறங்கி, ஒற்றை வளைவுள்ள பழைய கற்பாலத்தில் வெர்தோனைக் கடந்து, எதிர்க்கரையில் ரான்கூமா என்ற பாழடைந்த குடியிருப்பு வரை ஏறும் வழி. போய்வர 4 மணி நேரம். கூட்டம் குறைவு, மலையிடுக்கின் வாயை நேரெதிரே பார்க்கலாம். உடம்பு ஒத்துழைக்காவிட்டால் முஸ்தியே பக்கம் போகும் வழியில் மெரெஸ்த் காட்சிமுனை இருக்கிறது. சாலையிலிருந்து பத்து நிமிடம், ஆனால் அந்தப் பத்து நிமிடமும் கரடுமுரடான பாறை, செருப்போடு போகாதீர்கள்.

பாதைகள் திறந்திருக்குமா என்பதை மட்டும் இப்போதே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பாறை சரிந்தால் பிளான்-மார்தெலின் ஒரு பகுதியையோ முழுவதையோ மூடுவார்கள். கோடையில் காட்டுத்தீ அபாயம் உயர்ந்தால் மாவட்ட நிர்வாகம் காடுகளுக்குள் நுழைவதைத் தடுக்கும். அந்த அறிவிப்பு முந்தின நாள் மாலை வெளியாகும், மலையிடுக்கின் இரு கரைகளும் இரண்டு மாவட்டங்கள் என்பதால் இரண்டையும் பார்க்க வேண்டும். மதியத்துக்கு மேல் இடிமழை என்று பிரெஞ்சு வானிலை நிறுவனமான மெத்தியோ-பிரான்ஸ் சொன்னால் பிளான்-மார்தெலையும் ரூத் தே க்ரெத்தையும் நாள் மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு இடம் விட்டுத்தான் இரண்டாம் நாளில் வைத்திருக்கிறேன். கிராமத்தின் கோட்டை வீட்டிலேயே மலையிடுக்கைப் பற்றிய அருங்காட்சியகமும் தகவல் மேசையும் இருக்கின்றன. போய்ச் சேர்ந்த அன்றே அங்கே மூன்று கேள்வி கேளுங்கள்: பாதை முழுவதும் திறந்திருக்கிறதா, அந்த வாரம் பேருந்து எந்தெந்த நாள், பாவு சுரங்கத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது. மூன்றாவதற்கு "முழங்கால்வரை" என்று பதில் வந்தால் ஆளுக்கொரு ஜோடி உலர்ந்த காலுறையைப் பையில் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.